பேட் லேட்டாக அடிக்கிறதா? கழற்றுவதற்கு முன் சாம்பிளைப் பாருங்கள்

ஆடி மாதம் நெருங்கினால் கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் எலக்ட்ரானிக் பேட் (தட்டினால் உள்ளே ஏற்றி வைத்த சத்தம் கேட்கும் மெஷின்) வாசிக்கிற தம்பிகள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, சென்சார் போச்சு, அடிச்சா லேட்டா கேக்குது." மெஷினோடு வந்த டிரம் சத்தத்தை அதே பேடில் வைத்து அடித்தால் டக்கென்று கேட்கும். புதிதாக ஏற்றிய தவில் சாம்பிளுக்கு, அதாவது பதிவு செய்த தவில் அடிக்கு, மாற்றினால்தான் இழுக்கும். அப்படியென்றால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைக்கூடச் செய்யாமல் பேடைக் கழற்றி, சென்சார் மாற்றி, பணத்தையும் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

கோளாறு ஃபைலின் தலையில் இருக்கிறது. ஒரு சத்தத்தை எம்பி3 ஆக்கும்போது முன்னால் கொஞ்சம் மௌனம் சேரும். அதைத் திரும்ப, பேடில் ஏற்றுகிற வேவ் (சுருக்காத ஒலி ஃபைல்) ஆக்கினாலும் பல மென்பொருள்களில் அந்த மௌனம் அப்படியே தங்கிவிடும், சுமார் 25 மில்லிசெகண்ட். பாட்டு கேட்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் நிமிடத்துக்கு 160 தட்டு ஓடுகிற குத்துப்பாட்டில் ஒரு தட்டை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு அடிக்கும் கிடைக்கிற இடமே 94 மில்லிசெகண்ட்தான், அதில் கால்வாசிக்கு மேல் மௌனத்தில் போய்விட்டால் டோலக் ஒரு பக்கம், பேட் ஒரு பக்கம் என்று ஆகிவிடும், பாடுகிறவர் திரும்பித் திரும்பி உங்களைத்தான் பார்ப்பார்.

சத்தத்தை வெட்டித் திருத்துகிற ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஃபைலைத் திறந்து நன்றாகப் பெரிதாக்கினால் நேர்க்கோடாக ஓடி வந்து திடீரென்று அலை எழும்புகிற இடம் தெரியும். அதற்கு முன்னால் இருப்பதை வெட்டுங்கள். அலையின் நடுவில் வெட்டினால் டிக்கென்று ஒரு சத்தம் ஒட்டிக்கொள்ளும். அதனால் வெட்டவேண்டிய பகுதியைத் தேர்வு செய்தபின் இசட் எழுத்தைத் தட்டினால் அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளிக்கு விளிம்பு தானாக நகரும். ஒன்று மட்டும் கவனம்: அவசரத்தில் அடியின் முனையையே வெட்டிவிடாதீர்கள். பூவரசங்குச்சி தொப்பியில் (தவிலில் குச்சியால் அடிக்கிற பக்கம்) படுகிற அந்த முதல் கணம் போய்விட்டால் மிச்சமிருப்பது தவில் மாதிரியே கேட்காது.

அப்புறம், ஃபைலின் பெயரில் எம்4ஏ என்பதை அழித்துவிட்டு வேவ் என்று எழுதினால் அது வேவ் ஆகிவிடாது. மென்பொருளில் திறந்து எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். ரோலண்டு எஸ்பிடி-எஸ்எக்ஸ் என்ற பேட் மாடல் கேட்பது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். உங்கள் மாடல் என்ன கேட்கிறது, எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை அடிக்கு மோனோ போதும்; ஸ்டீரியோவில் போட்டால் இடம் இரண்டு மடங்கு தின்னும். ஃபைல் பெயர் சின்னதாக, ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும். நண்பரிடம் சாம்பிள் வாங்குவதானால் வாட்ஸப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டு வாய்ஸ் மெசேஜில் பிடித்து அனுப்புவது வேண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், யாரோ போட்ட தவில் சாம்பிள் தொகுப்பைத் தேடி அலையவே தேவையில்லை. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இருந்துகொண்டு தவிலுக்கா பஞ்சம்? ஒரு வித்வானிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கி, உரிய சன்மானம் கொடுத்து உட்கார வையுங்கள். வலந்தலை (கையால் வாசிக்கிற பக்கம்) தனி, தொப்பி தனி. ஒவ்வொன்றிலும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று அடிக்கச் சொல்லி, முழங்கி அடங்கும்வரை விட்டுப் பதிவு செய்யுங்கள். கோயில் மண்டபம் வேண்டாம், அந்த எதிரொலி சாம்பிளோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. நெல் மூட்டை அடுக்கிய அறை கிடைத்தால் விடாதீர்கள், மூட்டைகள் எதிரொலியை நன்றாகக் குடித்துவிடும். ரெக்கார்டர் அளவு சிவப்பைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் அந்த அடியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் உடைந்த சத்தத்தை எந்த மென்பொருளும் பழையபடி ஆக்கித் தராது.

எல்லாவற்றையும் மேடைக்குப் போகிற அன்றைக்கு வேனில் உட்கார்ந்து செய்யாதீர்கள். புதிதாக ஏற்றுவதற்கு முன் மெஷினில் இருப்பதை முழுவதுமாக ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுங்கள். ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் நீங்கள் சேர்த்து வைத்த கிட்டெல்லாம் (எந்தப் பேடில் எந்தச் சத்தம் என்ற அமைப்புகள்) போய்விடும், பேக்கப் இருந்தால்தான் திரும்ப வரும். ஏற்றி முடித்ததும் சேவ் ஆகும்வரை பவரைத் தொடாதீர்கள். பிறகு ஒருமுறை அணைத்துப் போட்டு, கிட் அப்படியே வருகிறதா என்று ஹெட்ஃபோனில் ஒவ்வொரு பேடாக அடித்துப் பாருங்கள்.