தொழில்நுட்பத்தைத் தத்துக் கொடுத்தது யார்?

வேளாண் நிறுவனங்களுக்கான கணக்கெடுப்புப் படிவம் ஒன்று பிழைதிருத்த வந்தது. ஏழாவது கேள்வி: 'தங்கள் பண்ணை சொட்டுநீர்ப் பாசனத்தைத் தத்தெடுத்த ஆண்டு எது?' பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். குழாயைப் பெற்றவர் யார், தத்துக் கொடுத்தவர் யார்?

மூலச்சொல் ஆங்கிலத்தின் 'அடாப்ஷன்'. அதன் வேரான இலத்தீன் 'ஒப்டாரே' என்றால் தேர்ந்துகொள்வது. பிள்ளையையும் தேரலாம், கருவியையும் தேரலாம். நம் 'தத்து' வடமொழி 'தத்த' என்பதிலிருந்து வந்தது. 'கொடுக்கப்பட்டது' என்று பொருள். அங்கே எடுப்பவரின் தேர்வு, இங்கே கொடுப்பவரின் கை. வடசொல் என்பதற்காக விரட்டவில்லை. தத்துப்பிள்ளை தத்துப்பிள்ளையாகவே இருக்கட்டும். அகராதியில் முதல் பொருளைக் கண்டதும் மூடிவைக்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

'ஏற்பு' என்பவர்களோடு சண்டை குறைவு, ஆனாலும் உண்டு. ஏற்பது மனத்தோடு நின்றுவிடலாம். மண்ணின் ஈரம் அளக்கும் கருவி நல்லதுதான் என்று தலையாட்டிவிட்டு, பழையபடி நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் பண்ணையை எந்தக் கட்டத்தில் குறிப்பது? வாங்கிய கருவி பெட்டி பிரிக்காமல் கிடந்தால்? கணக்கெடுப்பவருக்கு இந்த வேறுபாடுதான் உயிர். அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோளம் பரவிய கதையை 1943இல் வெளியிட்ட சமூகவியலாளர்கள் ரயனும் கிராஸும், விவசாயி அதைக் கேள்விப்பட்ட ஆண்டையும் விதைக்கத் தொடங்கிய ஆண்டையும் பிரித்தே பார்த்தார்கள். இடையில் பல ஆண்டுகள் ஓடியிருந்தன. தொடங்கியவர்களும் முதலில் சிறு துண்டில் விதைத்துப் பார்த்தார்கள்.

'கைக்கொள்ளல்' என்ற சொல்லில் அந்தச் செயல் இருக்கிறது. அளவும் ஒட்டும்: பாதி நிலத்தில் கைக்கொண்டிருக்கிறோம் எனலாம். இலக்கிய வாடை என்கிறார்கள். அதன் எதிர்ச்சொல் 'கைவிடல்' தினமும் வாயில் வருகிறதே! உப்படைத்த சொட்டுக்குழாயைச் சுருட்டிக் கொட்டகையில் போட்டால், கைவிட்டாயிற்று. தத்தெடுப்புக்காரர்கள் இதற்கு என்ன எழுதுவார்கள், 'திருப்பிக் கொடுத்த ஆண்டு' என்றா? அதே படிவத்தில் 'தொழில்நுட்ப ஊடுருவல் வீதம்' வேறு. படையெடுப்பு போலிருக்கிறது, 'பரவல்' என்றால் போதாதா?

'சொட்டுநீர்ப் பாசனத்தை எந்த ஆண்டு முதல் கைக்கொண்டு வருகிறீர்கள்? இப்போது எத்தனை ஏக்கரில்?' என்று திருத்தி அனுப்பினேன். தங்கள் சொற்பட்டியலில் 'தத்தெடுப்பு'தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்த படிவமும் வந்துவிட்டது. அதில், ஆண்டுதோறும் எத்தனை பேர் கைக்கொண்டார்கள் என்று காட்டும் கோட்டுக்குப் பெயர் 'தத்தெடுப்பு வளைவு'.