ஒரு துண்டுத் தொதலும் ஒரு கணிப்பும்

கல்லூரியில் படிக்கும் தம் அக்கா மகள் பகலெல்லாம் சாப்பாட்டைத் தட்டிக் கழித்துவிட்டு, இரவில் அளவின்றி உண்டு, பின்பு கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுப்பதாகத் தொண்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மந்திரித்துக் கயிறு கட்டியும் பலனில்லை. உளச்சிகிச்சைக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். பேசிப் பேசி ஒருவரின் சாப்பாட்டை மாற்ற முடியுமா என்பது அவர் கேள்வி.

வெறும் பேச்சால் முடியாதுதான். இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி சாப்பாட்டுத் தட்டின் முன் நடக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், நலமாயிருந்த 36 இளைஞர்களின் உணவை 24 வாரங்களுக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தபோது, அவர்களில் பலர் எந்நேரமும் உணவையே எண்ணினர், சமையல் நூல்களில் மூழ்கினர், எரிச்சலும் மனச்சோர்வும் கொண்டனர். உணவு திரும்பிய பின்னும் சிலரால் உண்பதை நிறுத்த முடியவில்லை. பட்டினியே மனத்தை இப்படித் திருகுவதால், ஆக்ஸ்ஃபோர்டின் உளமருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த, எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்தே மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முதலில் நேரத்தை ஒழுங்கு செய்கிறது: மூன்று வேளை உணவு, இடையில் சிற்றுணவு, விழித்திருக்கும்போது நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. பட்டினி, பெருந்தீனி, வாந்தி, குற்றவுணர்வு, மீண்டும் பட்டினி என்னும் சங்கிலி, பட்டினி என்ற கண்ணியில்தான் முதலில் அறுபடுகிறது. எடை மிகவும் குறைந்துவிடாதவர்களுக்கு இச்சிகிச்சை சுமார் 20 வாரங்கள் நீளும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். அப்பெண் அஞ்சும் பண்டம் கீழக்கரைத் தொதல் என்று கொள்வோம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் சேர்ந்த அதை ஒரு துண்டு தின்றால் நிறுத்தவே முடியாது, ஒரே வாரத்தில் எடை எகிறிவிடும் என்று நம்புகிறவரிடம் சிகிச்சையாளர் வாதாடுவதில்லை. அந்தக் கணிப்பை ஒரு தாளில் எழுதச் சொல்கிறார். அதை நூற்றுக்கு எத்தனை பங்கு நம்புகிறார் என்றும் குறிக்கச் சொல்கிறார். பிறகு அப்பெண் ஒரு துண்டு சாப்பிட்டு, வாந்தி எடுக்காமல் இருந்து பார்க்கிறார். பதற்றம் குறைந்தாலும் குறையாவிட்டாலும், கணிப்பு பலித்ததா என்பதே கேள்வி. எடையை வாரத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்தே பார்க்கிறார்கள்; உடலின் நீரும் உப்பும் நாளுக்கு நாள் மாறுவதால் ஒற்றை எண்ணுக்கு மதிப்பில்லை, பல வாரங்களின் போக்குக்கே மதிப்பு உண்டு.

எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலிருந்து மூளை கற்கிறது. வாந்தி எடுத்துவிட்டால் அந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும், ஏனென்றால் "வாந்தி எடுத்ததால்தான் தப்பித்தேன்" என்று மூளை கணக்கெழுதிக்கொள்ளும். கயிறும் இதே வேலையைத்தான் செய்கிறது: நல்லது நடந்தால் பெருமை அதற்கு, நடக்காவிட்டால் இன்னொரு முடிச்சு; அப்பெண் தன்னால் முடிந்தது என்று அறிய இடமே இல்லை. பழைய அச்சம் அழிந்துவிடுவதில்லை, அதன் பக்கத்தில் புதிய நினைவு ஒன்று எழுந்து அதனோடு போட்டியிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆகவே அதே சோதனையை வீட்டிலும், விடுதி உணவகத்திலும், கல்யாணப் பந்தியிலும், பெருநாள் விருந்திலும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

உண்ணவே மறுக்கும் பதின்ம வயதினருக்கு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பச் சிகிச்சை வேறு வழியில் செல்கிறது. பெற்றோரைப் பழிக்காமல், சாப்பாட்டுப் பொறுப்பைச் சில காலம் அவர்களிடமே கொடுத்துவிடுகிறது. இவ்வகை ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலை நாடுகளில் நடந்தவை. தொதலையும் பந்தியையும் நோன்பையும் கணக்கில் கொண்ட ஆய்வுக்கு நம் அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் தீயில் கருகிய கரை இது. இங்கே இந்தச் செலவை வீண் என்று எவரும் சொல்லக் கூடாது.

சிகிச்சையாளரைப் பார்க்கும்போதே மருத்துவரையும் பார்த்தாக வேண்டும். அடிக்கடி வாந்தி எடுப்பதால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறைய ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், உணவை மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாத குடும்பங்கள், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைத் தமிழிலேயே அழைத்துப் பேசலாம்.