பட்டுச்சேலையில் அல்வா கொட்டினால்

ஆனித் தேரோட்டம் முடிந்து பத்து நாள் இருக்கும், பாளையங்கோட்டையிலிருந்து மதினி போன் செய்தார். தேர் பார்க்க வந்த சொந்தக்காரப் பிள்ளை ஒன்று அவர் மடியில் உட்கார்ந்து அல்வா தின்றுவிட்டு, கையைச் சேலையிலேயே துடைத்திருக்கிறது. அரக்கு நிறப் பட்டு என்றால்கூட மறைந்திருக்கும், இது இளம் பச்சை. டிரை கிளீனிங் போட்டார், பளிச்சென்று வந்தது, காசும் கொடுத்தாயிற்று. அடுத்த கல்யாணத்துக்குக் கட்ட எடுத்து வீட்டில் இஸ்திரி போட்டால், அந்தப் பிள்ளையின் விரல்கள் அப்படியே பழுப்பு நிறத்தில் எழுந்து வந்திருக்கின்றன. “தம்பி, கடைக்காரரு வெளுக்காமலே தந்துட்டாரா, இல்ல மருந்து கிருந்து ஊத்திக் கெடுத்துட்டாரா?”

ரெண்டும் இல்லை மதினி. அல்வாதான் காரணம்.

முதலில் பெயரிலேயே ஒரு பொய் இருக்கிறது. டிரை கிளீனிங்கில் துணி தொப்பலாக நனையத்தான் செய்யும், நனைப்பது தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். தண்ணீருக்குப் பதில் ஒரு கரைப்பான். பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்தது பெர்க்ளோரோஎத்திலீன், தொழிலில் இருப்பவர்கள் வாயில் ‘பெர்க்’. இதை மைக்கேல் ஃபாரடே முதன்முதலில் தயாரித்தது 1821இல். அதே 1821இல்தான் நியூயார்க்கில் தாமஸ் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பினத் தையல்காரர் துணியை உலர்முறையில் சுத்தம் செய்ய ஒரு காப்புரிமை வாங்கினார், அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அவருடைய முறை என்ன என்று பார்க்கலாம் என்றால் அந்தக் காகிதம் 1836இல் காப்புரிமை அலுவலகத் தீயில் போய்விட்டது. இந்த இரண்டு 1821களும் சந்தித்துக்கொள்ளவே நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் டர்பன்டைன், மண்ணெண்ணெய், பெட்ரோல் என்று எல்லாவற்றிலும் துணியை முக்கி, கடைகளும் சேர்ந்து எரிந்தன. பெர்க் தீப்பற்றாது, அதனால் ஜெயித்தது.

சரி, தண்ணீர் அப்படி என்ன கெடுதல் செய்கிறது? பட்டு ஒரு புரதம். அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பதில் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீர் மூலக்கூறு உள்ளே புகுந்து, அந்தப் பிணைப்புகளில் சிலவற்றைப் பிரித்துத் தானே அங்கே உட்கார்ந்துகொள்ளும். இழை உப்பும், நெய்யும்போது இழுத்துப் பிடித்த நூல் தளரும், சாயம் கசியும். ஜரிகையும் பட்டும் ஒரே அளவில் சுருங்காது, அதனால்தான் கரையோரம் நெளிந்து நிற்கிறது. பெர்க்குக்கு இந்தப் பிணைப்புகளில் ஆர்வமே இல்லை. நெய், எண்ணெய், மெழுகு மாதிரியான ஆட்களோடு மட்டும்தான் அதற்குச் சகவாசம். ஒரு லிட்டர் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும், டிரம் சுழலும்போது துணி மேல் கனமாக விழுந்து அழுக்கைத் தட்டிவிடும்.

இப்போது அல்வாவுக்கு வருவோம். கோதுமைப் பால், சர்க்கரை, நெய். நெய் கரைப்பானில் நிமிஷத்தில் கரைந்துவிடும். சர்க்கரை? பெர்க்கில் சர்க்கரையைப் போட்டால் கல் மாதிரி கிடக்கும். வியர்வை உப்பும் அப்படித்தான். அப்படியென்றால் டிரை கிளீனிங்கில் வியர்வை நாற்றம் எப்படிப் போகிறது?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வாளித் தண்ணீரில் வால்களெல்லாம் எண்ணெய்த் துளியை நடுவில் வைத்துக் குவிய, தலைகள் வெளியே பார்க்கும். இதற்கு மைசெல் என்று பெயர். இதே வகை மூலக்கூறைக் கரைப்பானில் போட்டால் எல்லாம் தலைகீழ். சுற்றியிருப்பது வாலுக்குப் பிடித்த உலகம், அதனால் வால்கள் வெளியே நீட்டிக்கொள்ள, தலைகள் நடுவில் கூடும். அம்மன் கோயில் கொடையில் முளைப்பாரியை நடுவில் வைத்து, எல்லாரும் முகத்தை உள்பக்கம் காட்டிக் கும்மியடிப்பார்களே, அச்சு அசல் அதேதான். நடுவில் முளைப்பாரி இருக்கும் இடத்தில் ஒரு துளித் தண்ணீர், சில நானோமீட்டர் அளவில். கரைப்பானோடு கொஞ்சம் டிடர்ஜென்டும் மிகக் கொஞ்சம் தண்ணீரும் கலப்பது இதற்காகத்தான். தண்ணீருக்கு எதிரியான ஒரு திரவத்துக்குள் கோடிக்கணக்கான குட்டிக் குளங்கள் மிதக்கின்றன, உப்பும் சர்க்கரையும் துணியிலிருந்து கிளம்பி அந்தக் குளத்தில் போய் விழுகின்றன, பட்டுக்கோ தான் நனைந்த சங்கதியே தெரியாது! யோசிக்க யோசிக்க எனக்கு இது அலுப்பதே இல்லை.

ஆனால் அந்தக் குளம் சின்னது. வியர்வை உப்பு தாங்கும், ஒரு பிள்ளை அஞ்சு விரலாலும் அப்பிய அல்வாச் சர்க்கரை தாங்காது. தண்ணீரைக் கூட்டினால் அது பட்டையே நனைத்துவிடும். ஆகவே சர்க்கரைக் கறையை மெஷினுக்குள் போடும் முன்பே அந்த இடத்தில் மட்டும் லேசாக ஈரமும் நீராவியும் காட்டி எடுக்க வேண்டும். மதினி கடையில் என்ன கறை என்று சொல்லவில்லை. நெய் போனதும் பளபளப்பு போய்விட்டது, மிஞ்சிய சர்க்கரைக்கு நிறம் கிடையாது, கடைக்காரர் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. அதன் மேல் சூட்டை வைத்தால் சர்க்கரை பழுப்பாகத்தான் செய்யும். அடுப்பில் மணிக்கணக்கில் கிண்டக் கிண்ட அல்வா சிவப்பதற்கும் சர்க்கரையில் சூடு ஏறுவதுதான் காரணம். மீதிக் கிண்டலை இஸ்திரிப் பெட்டி சேலை மேலேயே முடித்துவைத்துவிட்டது.

மெஷினில் அப்புறம் நடப்பது சாதாரணம். சுழற்றிப் பிழிந்து, சூடான காற்று விட்டு, ஆவியாகும் கரைப்பானைக் குளிர்வித்துத் திரும்பப் பிடிக்கிறார்கள். அழுக்கான பெர்க்கைக் கொதிக்க வைத்து வடித்தால் (கொதிநிலை 121 டிகிரி) சுத்தமானது மேலே வரும், ஊர் அழுக்கெல்லாம் சகதியாக அடியில் தங்கும்.

இதெல்லாம் மூடிய மெஷின் இருந்தால். நம் பக்கம் சின்னக் கடைகளில் ‘பெட்ரோல் வாஷ்’ என்று வாளியில் முக்கி எடுப்பதும் அதே பெயரில்தான் ஓடுகிறது. அந்த ஆவியை நாள் முழுக்க மூச்சில் இழுப்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பெர்க்கும் உத்தமன் இல்லை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் இருக்கிறது, பத்தாண்டுகளில் டிரை கிளீனிங்கிலிருந்தே அதை ஒழிக்க அமெரிக்காவில் 2024 டிசம்பரில் விதி போட்டார்கள். இத்தனை பட்டு கட்டுகிற நாம், வெளுக்கிறவர்களின் நுரையீரலைச் சோதிக்கும் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் நன்றாயிருக்கும்.

வீட்டிலே துவைக்கிற பட்டென்றால் சோப்புக் கட்டி வேண்டாம், அதன் காரம் புரதத்தைத் தின்னும். மஞ்சள்தூள் கறை மேல் போட்டால் அதே காரத்தில் சிவந்து பயமுறுத்தும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் பரவாயில்லை, அதில் இருக்கும் சபோனினும் தலை-வால் ஜாதிதான், காரம் இல்லை. உடனே ‘முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். பட்டுக்குத் தீட்டில்லை என்று வேர்த்த சேலையை அப்படியே மடித்து வைத்தவர்களும் அவர்களேதான். கட்டி அவிழ்த்ததும் நிழலில் காற்றாட விடுங்கள், பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், அப்பப்போ மடிப்பை மாற்றுங்கள். ஜரிகை மேல் செண்ட் அடிக்க வேண்டாம்.

மதினி சேலையை மறுபடி அதே கடைக்குக் கொண்டுபோய், இந்தத் தடவை அல்வா என்று சொல்லியே கொடுத்தார். சூடு பட்ட சர்க்கரை லேசில் விடாது, பாதிதான் போனது. அந்த விரல்கள் உள் கொசுவத்துக்குள் போகிற மாதிரி மடித்துக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வந்துவிட்டார்.