சரணாகதியா, அடிபணிதலா?

“மிரட்டலுக்கு அஞ்சி நிர்வாகம் சரணாகதி அடைந்தது” என்னும் வாக்கியத்தை இந்த வாரத்தில் மட்டும் மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டேன். மிரட்டியவனிடமே ஒருவர் எப்படிச் சரணாகதி அடைவார்?

‘சரண’ என்னும் வடசொல்லுக்குப் புகலிடம் என்று பொருள். ‘ஆகதி’ என்பது வருகை. புகலிடம் நாடி வருவதே சரணாகதி. அதன்மேல் ‘அடைந்தது’ என்பது ‘கேட்டு வாசல்’ போன்ற கூறியது கூறல்தான், அதை மன்னித்துவிடலாம். பொருள் திரிந்ததற்கு நம் எழுத்தும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வடமொழியில் பாதத்தைக் குறிக்கும் சொல்லும் புகலைக் குறிக்கும் சொல்லும் முதல் எழுத்தில் வேறுபட்டவை. தமிழில் இரண்டும் ‘சரணம்’ என்றே எழுதப்படுவதால், சரணாகதி என்றாலே காலில் விழுவது என்று கொண்டுவிட்டார்கள்.

இதைத் திருத்தப் புறப்பட்ட தனித்தமிழ் அன்பர்களோ ‘அடைக்கலமாதல்’ என்று மாற்றுகிறார்கள். வடசொல் போயிற்று, பிழை அப்படியே இருக்கிறது. அடைக்கலம் என்ற சொல்லில் காக்கும் கடமை ஏற்பவன் தலையில் ஏறுகிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார். அங்கே வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. கம்பராமாயணத்தின் வீடணன் அடைக்கலப் படலத்திலும் வீடணன் இராமனிடம் தோற்று வரவில்லை. அண்ணனை விட்டு நீங்கி, தானே தேடி வருகிறான். அப்படியிருக்க, “சர்வாதிகாரியிடம் எழுத்தாளர்கள் அடைக்கலமாயினர்” என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தபோது, அந்தச் சர்வாதிகாரி அவர்களை யாரிடமிருந்து காப்பாற்றினான் என்று பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடினேன். அடுத்த பத்தியில் அவர்களுடைய நூல்களுக்கு அவன் தடை விதிக்கிறான்! தூய தமிழ்ச்சொல்லா என்று பார்த்தவர், அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை.

அதிகாரத்துக்கு இணங்கிப்போவதைச் சொல்ல ‘அடிபணிதல்’ இருக்கிறது. வெறும் ‘பணிதல்’ போதாதா என்று கேட்கலாம். குறள் அதை உயர்ந்த பண்பாகவே பேசுகிறது: “ஆற்றுவார் ஆற்றல் பணிதல்” (985), “பணியுமாம் என்றும் பெருமை” (978). வலியவன் தானாகத் தாழ்வது பணிதல். வலியவன்முன் வேறு வழியின்றித் தாழ்வதற்கு ‘அடி’ என்ற முன்னொட்டு வேண்டியிருக்கிறது. இகழ்ச்சி தொனிக்க வேண்டுமானால் ‘மண்டியிடுதல்’ உண்டு. 1945இல் ஜப்பான் செய்ததை ‘நிபந்தனையற்ற சரணாகதி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். ‘நிபந்தனையின்றி அடிபணிந்தது’ என்றால் யாருக்கு விளங்காது?

அலுவலகங்களில் ‘ஈட்டிய விடுப்பு சரண்’ என்று ஒரு தொடர் நடமாடுகிறது. ஊழியர் தம் விடுப்பைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற்றுக்கொள்கிறார். அதற்கு ‘ஒப்படைப்பு’ என்ற நல்ல சொல் இருக்கும்போது, விடுப்பு எவர் காலில் விழுந்து எந்தப் புகலிடத்தைக் கேட்கிறது என்பதை அந்தச் சுற்றறிக்கையை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.