உடம்பில இரும்பு கிடக்கா எண்டு கேட்டால்

எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஒருவரை விட முதல் இருபது சொச்சம் கேள்வி கேட்போம். பேஸ்மேக்கர் வைத்திருக்கா, மூளையில் கிளிப் போட்டதா, காதுக்குள் கருவி இருக்கா, கர்ப்பமா என்று போகும். நடுவில் ஒரு கேள்வி வரும்: செல் (பீரங்கிக் குண்டு) துண்டு, வெடிச் சன்னம், இரும்புத் துகள் ஏதாவது உடம்பில் இருக்கா? கொழும்பில் நான் ஸ்கான் எடுக்கத் தொடங்கிய நாளில் இருந்து ஆக அதிகமாகப் பொய்ப் பதில் வாங்கிய கேள்வி இதுதான். பொய் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஓர் அம்மா வந்திருந்தார். புதுக்குடியிருப்புப் பக்கம். வெள்ளவத்தையில் மகள் வீட்டில் தங்கி வைத்தியம் பார்க்கிறார். நாரி உழைவு, அதாவது கீழ் முதுகு வலி, இடக்கால் விறைப்பு. நிபுணர் எம்.ஆர்.ஐ. எழுதியிருந்தார். நான் கேள்விகளை வாசிக்க வாசிக்க, எல்லாவற்றுக்கும் "இல்லைப் பிள்ளை" என்றார்.

"செல் பட்டதோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை."

"வெடி?"

"ஒண்டுமில்லை."

உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தபோது வலது கெண்டைக்காலில், பேனை மை ஊறினது மாதிரி நீலக் கறுப்பாக ஒரு தழும்பைக் கண்டேன். பனங்கருக்குக் கிழித்தது என்றார். பனங்கருக்கு கீறும், வெடிமருந்துக் கரியைத் தோலுக்குள் ஏற்றி விடாது. கதவைச் சாத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். உள்ளே இருப்பது பெரிய காந்தம், துண்டு இருந்தால் அது உங்களுக்குள்ளே அசையப் பார்க்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் கையில் இருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பேப்பர் எங்க போகும் பிள்ளை?"

"உங்கட பைலுக்குள்ளதான் கிடக்கும்."

"நாலாம் மாடிக்குப் போகாதோ?"

நாலாம் மாடி என்றால் கொழும்பில் குற்றப் புலனாய்வுப் பொலிஸ் விசாரிக்கிற இடம். போகாது என்ற பிறகுதான் சொன்னார்: "மாத்தளனில பட்டது. மூண்டு பீஸ். நாலெண்டும் சொல்லுகினம்."

2009இல் போர் முடிகிற மாதங்களில் சனம் அகப்பட்டிருந்த கடற்கரைப் பக்கம் மாத்தளன். எக்ஸ்றே எடுத்தோம். நான்கு. கெண்டைக்காலில் இரண்டு, இடுப்பெலும்போடு ஒன்று. நான்காவது நாரி முள்ளெலும்பு ஓரம், முள்ளந்தண்டுக் குழாயில் இருந்து ஒரு விரல் நகத்தளவு தூரத்தில். எந்த நரம்புக்காக ஸ்கான் எழுதினார்களோ அதே நரம்புக்குப் பக்கத்தில்.

கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த வாசகர்களுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் இது விளங்காமல் இருக்கலாம். செல் பட்டது பட்டவரின் குற்றமா, ஏன் மறைக்கவேணும் என்று கேட்பார்கள். போர் முடிகிற காலத்தில் தழும்பு என்பது சாட்சி. உங்களுக்கு எதிரான சாட்சி. சோதனைச்சாவடியில் சேட்டைக் கழற்றச் சொல்லித் தோளையும் முழங்கையையும் பார்த்தார்கள். வன்னியில் இருந்து வெளியே வந்த சனத்தை ஓமந்தையில் நிற்பாட்டி, புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்தாலும் எழும்பி வரச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அப்படி எழும்பியும், சந்தேகத்தில் பிடித்தும் புனர்வாழ்வுக்கென்று அனுப்பப்பட்டவர்கள் 11,000 பேருக்கும் மேல். அந்த வரிசையில் நின்ற ஒருவரிடம் "உங்களுக்கு வெடிக் காயம் இருக்கா?" என்று கேட்டால் அது மருத்துவக் கேள்வி அல்ல. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நான் கேட்பதும் அவர் காதில் அதே குரலில்தான் விழுகிறது.

கொழும்பும் அப்போது இலேசான இடமாக இருக்கவில்லை. 2007 ஜூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரை விடிய விடியப் பஸ்ஸில் ஏற்றி வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் அடுத்த நாளே தடை போட்டது. ஆனால் ஊரில் இருந்து மருந்தெடுக்க வந்து லொட்ஜில் தங்குவது எப்படிப்பட்ட காரியம் என்று எல்லாருக்கும் அன்றே விளங்கிவிட்டது. பொலிஸ் பதிவு இல்லாமல் ஒரு மாமியை வீட்டில் வைத்திருக்கவும் பயந்த காலம். அவசரகாலச் சட்டம் போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, 2011 ஓகஸ்டில்தான் போனது. 1979இல் தற்காலிக ஏற்பாடு என்ற பேரோடு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்குப் பிறகும் இருந்தது.

நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது, சாதாரண எக்ஸ்றே பகுதி. 2009 பெப்ரவரி 20 இரவு நகரமெல்லாம் லைட் போய், வானம் முழுக்கச் சிவப்புக் கோடுகளாகச் சுட்டார்கள். புலிகளின் இரண்டு சின்ன விமானங்களில் ஒன்று இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் விழுந்தது. அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஒருவரும் தமிழில் ஃபோன் பேசவில்லை. போர் முடிந்த மே 18, திங்கட்கிழமை, காலி வீதி நெடுகப் பட்டாசு. சிங்கக் கொடி கட்டின முச்சக்கர வண்டிகள், சந்திக்குச் சந்தி கிரிபத் என்கிற பாற்சோறு. எங்கள் பகுதியில் ஒருவர் தட்டில் கொண்டுவந்து எல்லாருக்கும் தந்தார். நல்ல மனுசன், எனக்கு வேலை பழக்கினவர். புதுமாத்தளனுக்குள் அகப்பட்டிருந்த என் சின்னம்மாவின் சேதி தெரியாமல் மூன்று கிழமை. அவருக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை. வாங்கிச் சாப்பிட்டேன். இன்றைக்கும் கிரிபத்தைக் கண்டால் தொண்டையில் அந்தத் தேங்காய்ப்பால் கனம் வரும். ஒரு துண்டுச் சோற்றுக்கே நான் வாய் திறக்காத அந்த நகரத்தில், வேறொருவர் தன் தழும்பைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று எப்படிக் குறை சொல்வது?

சரி, காந்தத்துக்கு வருவோம்.

இங்கே பெரும்பாலும் பாவிப்பது 1.5 ரெஸ்லா இயந்திரம். பூமியின் காந்தப் புலத்தோடு ஒப்பிட்டால் 30,000 மடங்குக்கும் மேல். ஸ்கான் ஓடும்போதுதான் காந்தம் வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது ராப்பகலாக, ஆளில்லாத நேரத்திலும் அப்படியே இருக்கும். செல் துண்டு பெரும்பாலும் உருக்கு. காந்தத்துக்குக் கிட்டப் போனதும் அது இழுபடும். நீளமான துண்டென்றால் திசைகாட்டி முள் மாதிரித் திரும்பப் பார்க்கும், சூடும் ஏறலாம். துப்பாக்கி ரவை ஈயம்தானே, பயமில்லை என்று சில வைத்தியர்களே சொல்வதுண்டு. நம்ப வேண்டாம். ஏ.கே. ரவைகளில் உள்ளே உருக்குக் கரு வைத்தவை நிறைய. ஈயமா உருக்கா என்று எக்ஸ்றே சொல்லாது. இரண்டும் ஒரே வெள்ளைதான்.

ஆனால் துண்டு இருந்தாலே எம்.ஆர்.ஐ. கூடாது என்று அர்த்தமில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இன்னும் ஆக்கள் மறைப்பார்கள். சதைக்குள் பல வருடம் கிடந்த துண்டைச் சுற்றி உடம்பு தானே ஒரு கூடு கட்டிவிடும். தொடையில், பிட்டத்தில், முதுகுச் சதையில் இருந்தால் அநேகமாகப் பாதுகாப்பாக எடுக்கலாம். கொஞ்சம் சுள்ளென்று இருக்கலாம், படத்தில் அந்த இடம் கறுப்பு ஓட்டையாக விழும், அவ்வளவுதான். பயம் உள்ள இடங்கள் வேறு: கண், மூளை, முள்ளந்தண்டுக் குழாய், பெரிய இரத்தக் குழாய் ஓரம். கண்ணுக்குள் கூடு கட்டிப் பிடித்துவைக்கச் சதை இல்லை. கண்ணில் இரும்புத் துகள் இருந்தது தெரியாமல் ஸ்கானுக்குள் போன ஒருவருக்குப் பார்வை பாதிக்கப்பட்டதை 1986இலேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். வெல்டிங், லேத் வேலை செய்தவர்களிடமும் இதனால்தான் கேட்கிறோம். அவர்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

சொல்வது யார், மறைப்பது யார் என்று பார்த்தால் இந்த நாட்டின் படம் தெரியும். குருநாகலில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிப்பாய் வந்தார். நான் கேட்க முதலே காற்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார். கையில் நோய் நிர்ணய அட்டை. எந்த நாள், எந்த இடம், எத்தனை துண்டு, எது எடுத்தது, எது விட்டது எல்லாம் எழுதிக் கிடந்தது. அந்த அம்மாவிடம் ஒரு கடதாசிகூட இல்லை. மயக்க மருந்தே தட்டுப்பாடான ஓர் ஆஸ்பத்திரியில், தறப்பாளுக்குக் கீழே காயத்தைக் கழுவிக் கட்டி, கப்பலேற்றி விட்டிருக்கிறார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு அந்த மாதங்களில் கடல் வழியே 10,000க்கும் மேற்பட்டோரை இப்படி வெளியே கொண்டுவந்தது. ஆளைக் காப்பாற்றுகிற அவசரத்தில் யார் அட்டை எழுதுவது? சிப்பாய்களிலும் மறைக்கிறவர்கள் உண்டு. படையை விட்டு ஓடினவர்கள். ஒருவர் என்னிடம் "பட்டாசு வெடித்தது" என்றார், உள்ளங்கை அகலத் தழும்புக்கு. கொழும்பு ஆட்கள் வேறு. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டில் அகப்பட்டவர்கள், 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைக் கோவிலில் இருந்தவர்கள், எல்லாரும் நேரே சொல்வார்கள். வங்கிக் குண்டில் பலருக்குக் கண்ணில் பட்டது கண்ணாடி. கண்ணாடியைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் கூடவே இரும்பும் இருக்கலாம் என்று எக்ஸ்றே எடுத்துத்தான் விடுவோம்.

படிவத்தைப் பற்றியும் ஒரு வயிற்றெரிச்சல். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் கேள்விகளை யாரோ இங்கிலீசில் இருந்து சொல்லுக்குச் சொல் மாற்றி அடித்திருந்தார்கள். "உமது உடலில் உலோக வெளிநாட்டுப் பொருள் உண்டா?" ஒரு பாட்டி நிதானமாக வாசித்துவிட்டு, கழுத்தில் கிடந்த சங்கிலியைப் பிடித்தபடி, "இது மகன் கனடாவில இருந்து அனுப்பினது" என்றார். சிரித்தேன்தான். ஆனால் அந்தப் பாட்டியின் தோளில் உண்மையிலேயே சன்னம் இருந்திருந்தால், அந்தத் தமிழ் அவரைக் காப்பாற்றியிருக்காது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதியாயிற்று. செல், பீஸ், சன்னம், வெடி என்று சனம் சொல்கிற நாலு சொல்லைப் படிவத்தில் போட அதற்குப் பிறகும் யாரிடமாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் வன்னியாலோ கிழக்காலோ வந்த பெரியவர்கள் இருந்தால் ஸ்கானுக்கு முதல் நாள் இரவே தனியாக இருத்திக் கேளுங்கள். அறை வாசலில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில் அவர்கள் சொல்லமாட்டார்கள். மருமகன் முன்னாலும் சொல்லாத தாய்மார் இருக்கிறார்கள். பழைய எக்ஸ்றே இருந்தால் எதுவானாலும் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் துண்டு இருக்கலாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாங்களே எடுத்துப் பார்ப்போம். கட்டுநாயக்காவில் சோதனை வாசல் சத்தம் போடவில்லையே என்று சமாதானம் சொல்லாதீர்கள். சின்னத் துண்டுக்கு அது கத்த வேண்டுமென்றில்லை. பொய்க்கால் போட்டவர்கள் வெளியிலேயே கழற்ற வேண்டும், உள்ளே இரும்புப் பாகம் இருக்கும். எலும்புக்குள் வைத்த தட்டும் கம்பியும் அநேகமாகப் பிரச்சினை தராதவை, ஆனாலும் சொல்லுங்கள். மூட்டுக்குள் ஈய ரவை கிடப்பவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு வராவிட்டாலும் ஒரு எலும்பு முறிவு நிபுணரிடம் காட்டுவது நல்லது. மூட்டு நீரில் ஈயம் கரைந்து இரத்தத்தில் சேரும். எம்.ஆர்.ஐ. முடியாது என்றால் வழி அடைபட்டதாக நினைக்க வேண்டாம். சி.ரி. ஸ்கானில் காந்தமே இல்லை.

பொலிசுக்குப் போகுமா என்பதற்கு என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நான் வேலை செய்த எந்த இடத்திலும் அந்தக் கேள்வித்தாள் நோயாளியின் பைலைத் தாண்டிப் போய் நான் காணவில்லை. நம்பிக்கை வராவிட்டால், "இதை எங்க வைப்பியள்?" என்று அந்த அம்மா மாதிரி எங்களிடமே கேளுங்கள். கேட்பதில் எங்களுக்குக் கோபமில்லை.

அவருக்கு நிபுணர் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றார். சி.ரி. எடுத்தோம். முள்ளெலும்புத் தட்டு விலகி நரம்பை அமத்தியது அதிலேயே தெரிந்தது. துண்டு தன்பாட்டில் கிடந்தது. எக்ஸ்றேப் படத்தை உறையில் போட்டுக் கொடுத்து, இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைக் காட்டுங்கோ என்றேன். வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, நான்கு வெள்ளைப் புள்ளியையும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு மூலையில் அச்சடித்திருந்த தன் பேரைக் கண்டார்.

"பேரில்லாமல் ஒண்டு தர ஏலாதோ பிள்ளை?"

பேரில்லாத படம் எந்த வைத்தியருக்கும் உதவாது என்றேன். தலையை ஆட்டினார். வாசலில் மகள் முச்சக்கர வண்டி பிடிக்கப் போன நேரத்தில், உறையைப் பேர் உள்பக்கம் வரத் திருப்பி, வீரகேசரித் தாளில் சுற்றி, பைக்குள் தோசை மாப் பொதிக்குக் கீழே வைத்தார்.