பாக்கி வைக்காமல் வாங்குங்கள்

கும்பகோணத்தில் வரி ஆலோசகராக இருக்கிறேன். சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு செய்பவர்கள், தஞ்சாவூர்ப் படம் போடுபவர்கள் எனப் பலருடைய கணக்கு நோட்டுகள் என் மேசைக்கு வருகின்றன. ஆர்டர் இல்லாமல் தொழிலை விட்டவர்களைவிட, வசூலாகாமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஓவியர் ஒருவர். ஒரு கல்யாண வீட்டுக்கு நான்கு தஞ்சாவூர்ப் படம் பேசியிருந்தார். பேசியது தை மாதம். விலையும் அன்றைய தங்க விலையை வைத்துத்தான். கைக்கு வந்த முன்பணம் இரண்டாயிரம். பலகையில் துணி ஒட்டி, கோடு போட்டு, சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதிக்கிற வரை எப்படியோ சமாளித்துவிட்டார். அடுத்தது தங்க ரேக்கு, அதாவது மேலே ஒட்டுகிற மெல்லிய தங்கத் தகடு. ரேக்கைக் கடனுக்குத் தர ஆளில்லை. அதற்குள் தங்கமும் ஏறிவிட்டது. கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ரேக்கு வாங்கினார். படம் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. மீதிப் பணம் ஆடி கழிந்து, மூன்று தவணையாக வந்தது. அடகுக்கடை ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன். அந்த நான்கு படத்தில் அவருடைய கூலிகூடத் தேறவில்லை. "நோட்டுல லாபம்னு எழுதியிருக்கீங்களே சார், அது எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பாக்கி வைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கல்யாணச் செலவில் மண்டபத்துக்கும் சமையலுக்கும் முதல் நாளே கொடுத்துவிடுகிறோம். "நம்ம ஊர் ஆளுதானே, அப்புறம் தரலாம்" என்ற உரிமை கைவினைஞரிடம் மட்டும் வந்துவிடுகிறது.

அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே பொருளுக்கான காசைக் கொடுத்துவிடுங்கள். சிலையென்றால் முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன் எடையை வைத்து உலோகக் கணக்குப் போடுவார்கள். உருக்குவதற்கு முன்பே செம்பும் பித்தளையும் வாங்கியாக வேண்டும். விளக்குக்குக் கிலோ விலை கேட்கிறீர்கள், சரி. பழைய பித்தளை விலையோடு அதை ஒப்பிடாதீர்கள். வார்த்து, கடைந்து, அரம் போட்டு, மெருகேற்றிய கூலியும் அந்த விலைக்குள்தான் இருக்கிறது.

ரசீது கேளுங்கள். பொருள் விற்பவருக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆகவே ஜிஎஸ்டி எண் இல்லை என்பதற்காக யாரையும் சந்தேகப்பட வேண்டாம், வெறும் ரசீதே செல்லும். பணத்தை அவருடைய வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். ஐந்து வருஷம் நன்றாக விற்ற விளக்குக்காரர் ஒருவருக்கு ஒரு வங்கியில் கடன் மறுத்தார்கள். எல்லாம் ரொக்க வியாபாரம். வங்கிக் கணக்கில் வரவே தெரியவில்லை.

தீபாவளிக்குத் தலையாட்டி பொம்மையும் விளக்கும் மொத்தமாக வாங்கும் நிறுவனங்களுக்குச் சட்டமே இருக்கிறது. குறு, சிறு உற்பத்தியாளராக உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்றவருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும்கூட 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக. இது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 2023-24 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: கெடு தாண்டிய தொகையை, அதைக் கொடுத்த வருஷத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் என்னிடம் வரும் கம்பெனிக்காரர்களுக்கு இதைச் சொன்னதும் பாக்கி வேகமாகத் தீருகிறது.

கைவினைஞர்களே, உத்யம் பதிவை இன்றே போடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும். யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். சரக்கு கொடுத்த பிறகு போட்ட பதிவு அந்தப் பழைய பாக்கிக்கு உதவும் என்று நம்பியிருக்க முடியாது.

அந்த ஓவியர் இப்போது விலைத்தாளில் ஒரு வரி அச்சடித்திருக்கிறார்: "பாதிப் பணம் முன்பணம். தங்க ரேக்கு, வாங்கும் அன்றைய விலைக்கு." அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த அம்மா நின்ற இடத்திலேயே ஜிபேயில் போட்டுவிட்டாராம். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.