சில விநாடிகள் தள்ளிப்போனால் போதும்

ரத்தச் சிவப்பணு ஒன்று நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. தசைகளிலும் உறுப்புகளிலும் இருக்கும் மிக மெல்லிய குழாய்களுக்குள் புகுந்து அதை இறக்கிவிடுகிறது. அங்கே அது இருப்பது ஏறக்குறைய ஒரு விநாடிதான். அப்புறம் சிரைகள் வழியாக நுரையீரலுக்குத் திரும்ப இன்னும் பத்துப் பதினைந்து விநாடிகள். அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை நோய் உள்ளவருக்கு இன்றைக்கு வலி வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தச் சில விநாடிகள்தான். தண்ணீர் குடிக்கச் சொல்வதில் தொடங்கி மரபணுவை வெட்டுவது வரை, இந்த நோய்க்குச் செய்யப்படும் பலவற்றையும் இந்த விநாடிக் கணக்கை வைத்துப் பார்த்தால்தான் சரியாகப் புரியும் என்பது என் எண்ணம்.

அரிவாள்போல வளைந்த சிவப்பணுக்களைப் பற்றிச் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910-ல் எழுதினார். கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று 1949-ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து வெர்னான் இங்கிராம் இன்னும் நெருங்கிப் பார்த்தார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். நோயாளிகளிடம் அங்கே வேலின் இருந்தது. டி.என்.ஏ.வில் மாறியிருப்பது ஒரே ஒரு எழுத்து.

இந்த மாற்றம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது, கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கும். மலேரியா நெடுங்காலம் ஆட்டிவைத்த ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா ஆகிய இடங்களில் இந்த மரபணு நிலைத்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

சரி, ஒரு அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகிவிடும்? குளுட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒத்துப்போகும். வேலின் தண்ணீரை விட்டு ஒதுங்கும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்திருக்கும்வரை இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆக்சிஜனை இறக்கியதும் மூலக்கூறின் வடிவம் சற்றே மாறுகிறது. அப்போது அதன் பக்கவாட்டில் ஒரு சிறு குழி திறக்கிறது. அதுவும் தண்ணீரை விரும்பாத குழி. ஒரு மூலக்கூறின் வேலின் பக்கத்து மூலக்கூறின் குழிக்குள் கச்சிதமாகப் போய் உட்காருகிறது. அதன் வேலின் இன்னொன்றில், அது அடுத்ததில். இப்படிக் கோத்துக்கொண்டே போய் 14 இழைகள் முறுக்கிய விறைப்பான நாராக அது வளர்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அத்தனை நெருக்கத்தில் நார்கள் வளரும்போது அணுவை உள்ளிருந்து தள்ளி அரிவாள் வடிவத்துக்கு வளைத்துவிடுகின்றன. இயல்பான சிவப்பணு தன்னைவிடக் குறுகலான குழாயிலும் வளைந்து நெளிந்து போய்விடும். விறைத்த அணுவால் அது முடியாது.

இந்த நார் ஆக்சிஜன் குறைந்த கணத்திலேயே உருவாகிவிடுவதில்லை. முதலில் சில மூலக்கூறுகள் தற்செயலாக ஒன்றுசேர்ந்து ஒரு சிறு கரு உருவாக வேண்டும். பெரும்பாலான முயற்சிகள் உடைந்துபோகும். ஏதாவது ஒரு கரு தப்பிப் பிழைத்துவிட்டால், அப்புறம் வளர்ச்சி படுவேகமாக நடக்கும். அந்தக் கரு உருவாகும்வரை எதுவும் நடக்காததுபோல ஓர் இடைவெளி இருக்கிறது. வில்லியம் ஈட்டன், ஜேம்ஸ் ஹாஃப்ரிக்டர் ஆகியோர் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்துகொண்டு இந்தத் தாமத நேரத்தைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். அவர்கள் கண்ட ஒரு விஷயம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. தாமத நேரம் அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் செறிவைப் பொறுத்தது. அதுவும் சாதாரணமாக அல்ல, செறிவின் 30-வது அடுக்கை ஒட்டி மாறுகிறது. 30-வது அடுக்கு என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: செறிவு 2 சதவீதம் குறைந்தாலே தாமதம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். 10 சதவீதம் குறைந்தால் இருபது மடங்கைத் தாண்டும்.

நோயாளியின் உடம்பில் அணுக்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு சுற்றிலும் தப்பிவிடுகின்றன. நார் உருவாகத் தொடங்குவதற்குள் நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டுவிடுகின்றன. கோத்துக்கொள்ளத் தயாராக இருந்த மூலக்கூறுகள் விலகிவிடுகின்றன. தாமதத்தைக் குறைக்கும் எதுவும், நுண்குழாய்க்குள் அணு தங்கும் நேரத்தைக் கூட்டும் எதுவும் ஆபத்தைக் கொண்டுவருகிறது.

உடம்பில் நீர் வற்றினால் அணுவும் நீரை இழக்கிறது, உள்ளே செறிவு கூடுகிறது, தாமதம் சுருங்குகிறது. குளிரில் ரத்தக் குழாய்கள் இறுகி ஓட்டம் மந்தமாகிறது. காய்ச்சலும் தொற்றும் வந்தால் வெள்ளணுக்களும் சிவப்பணுக்களும் குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு வழியை மறிக்கின்றன. "தண்ணீர் நிறையக் குடியுங்கள், குளிரில் நிற்காதீர்கள், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள்" என்று மருத்துவர் சொல்லும்போது எல்லோருக்கும் சொல்கிற பொது அறிவுரைபோலத்தான் கேட்கும். இந்த நோயில் அது மூலக்கூறு மட்டத்தில் வேலை செய்கிற மருந்து.

அணு திரும்பத் தவறினால் அடைப்பு. அடைப்பு இருந்த இடத்துக்கு அப்பால் திசு மூச்சுத்திணறுகிறது. எலும்பில் நடந்தால் தாங்க முடியாத வலி. இயல்பான சிவப்பணு 120 நாள் வாழும்; இந்த அணுக்கள் 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுகின்றன, அதனால் சோகை. மண்ணீரல் சிறு வயதிலேயே பழுதாகிவிடுவதால் கிருமிகளை வடிகட்ட ஆளில்லை. மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கினால் குழந்தைக்கே பக்கவாதம் வரலாம்.

அந்த வலியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அதை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை கிடையாது. எக்ஸ்ரேயில் தெரியாது. நோயாளி சொல்வதுதான் ஒரே சான்று. அடிக்கடி வந்து வலிக்கிறது என்று சொல்பவரை, வலுவான வலிநிவாரணி கேட்பவரை, மருந்துக்கு அடிமையானவர் என்று சந்தேகிக்கும் வழக்கம் பல நாடுகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இருக்கிறது. அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைக் கறாராகச் சொல்கிறது: வந்து ஒரு மணி நேரத்துக்குள் வலிநிவாரணி கொடுக்க வேண்டும், அதன்பின் 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு, தேவையானால் மறுபடி கொடுக்க வேண்டும். நோயாளியை நம்புவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இந்த நோயில் அதற்கு எந்தக் கருவியும் மாற்றாக வராது.

உயிர் காத்த முதல் பெரிய முன்னேற்றங்கள் எளியவை. தினமும் இருவேளை பென்சிலின் மாத்திரை கொடுத்தால் சிறு குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று 1986-ல் ஒரு சோதனை காட்டியது. மண்டையோட்டின் மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து மூளை ரத்தக் குழாயின் ஓட்ட வேகத்தை அளந்து, அது விநாடிக்கு 200 சென்டிமீட்டருக்கு மேல் போகும் குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் பக்கவாதம் 90 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது என்பது 1998-ல் தெரிந்தது. குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் பாய்ந்து ஓடுவதுதான் அங்கே எச்சரிக்கை.

நோயையே மாற்றும் வழிக்கான துப்பு பச்சிளங் குழந்தைகளிடம் இருந்தது. நோய் உள்ள குழந்தைகள் பிறந்த முதல் சில மாதங்கள் நலமாகவே இருக்கிறார்கள். நியூயார்க்கின் குழந்தைகள் நல மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948-ல் இதைக் கவனித்து, கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்று ஊகித்தார். கருவில் பீட்டா சங்கிலிக்குப் பதிலாகக் காமா என்ற வேறொரு சங்கிலி பயன்படுகிறது. அதற்கான மரபணு வேறு. அதில் இந்த எழுத்துப் பிழை இல்லை. பிறந்தபின் சில மாதங்களில் உடம்பு காமாவை நிறுத்திவிட்டுப் பீட்டாவுக்கு மாறுகிறது. பெரியவர்களிடம் கரு ஹீமோகுளோபின் ஒரு சதவீத அளவில்தான் மிஞ்சியிருக்கும். காமா கலந்த மூலக்கூறு நாரில் சேராது. அதனால் அது கூடக்கூட, கோத்துக்கொள்ளும் ஹீமோகுளோபினின் செறிவு குறைகிறது. 30-வது அடுக்குக் கணக்குப்படி தாமதம் எகிறுகிறது. இந்தியாவிலும் கிழக்கு சவூதியிலும் உள்ள நோயாளிகள் பலரிடம் இயற்கையாகவே கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதும், அவர்களில் பலருக்கு நோய் சற்று மிதமாக இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

கரு ஹீமோகுளோபினைக் கூட்டும் மருந்து ஹைட்ராக்சியூரியா. தினமும் ஒரு வேளை வாயால் சாப்பிடும் பழைய புற்றுநோய் மருந்து அது. பெரியவர்கள் 299 பேரிடம் நடந்த சோதனையில், போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 4.5 வலித் தாக்குதல்கள் வந்தபோது இந்த மருந்தை எடுத்தவர்களுக்கு 2.5 தான் வந்ததை 1995-ல் அறிவித்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு பலன் தராது. ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் இன்றுவரை முதல் தேர்வு இதுதான்.

காமா ஏன் நின்றுபோகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பவர்களின் மரபணுத் தொகுப்பை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டின. பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கின் குழு அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, காமாவை அடக்கி வைப்பது இந்த மரபணு உருவாக்கும் புரதம்தான் என்று காட்டியது. அப்படியானால் அதை நீக்கிவிடலாமே? முடியாது. மூளை வளரவும் நோய் எதிர்ப்பு அணுக்கள் உருவாகவும் அது வேண்டும். 2013-ல் வழி தெரிந்தது. சிவப்பணுக்களின் முன்னோடிகளில் மட்டும் அந்த மரபணுவை முடுக்கிவிடும் ஒரு சிறு டி.என்.ஏ. பகுதி இருக்கிறது. அதை மட்டும் கெடுத்தால், வீட்டின் மின்சாரத்தையே துண்டிக்காமல் ஓர் அறையின் விளக்கை மட்டும் அணைத்த மாதிரி.

அந்த இடத்தைத்தான் டி.என்.ஏ.வைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவி கத்தரிக்கிறது. காஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா டிசம்பரிலும் அனுமதி கொடுத்தன. மரபணுத் திருத்தத்தால் உருவான சிகிச்சை ஒன்று அனுமதி பெற்றது உலகிலேயே அதுதான் முதல் முறை. செய்தியில் ஒரு வரியில் முடிந்துவிடும் இது, நோயாளிக்குப் பல மாதப் பயணம். முதலில் எலும்பு மஜ்ஜையிலிருந்து மூலச்செல்களை ரத்தத்துக்கு வரவழைக்க வேண்டும். வழக்கமாக அதற்குப் பயன்படும் மருந்து இந்த நோயாளிகளுக்குக் கடும் வலித் தாக்குதலைத் தூண்டக்கூடும், ஆகவே பிளெரிக்ஸாஃபோர் என்ற வேறு மருந்து. ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த செல்கள் ஆய்வகத்துக்குப் போகின்றன. நொடிப்பொழுது மின்சாரம் பாய்ச்சி அவற்றின் சவ்வைத் திறந்து, கிரிஸ்பர் என்சைமை உள்ளே செலுத்துகிறார்கள். போதுமான செல்கள் கிடைக்காமல் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியும் வரலாம். திருத்திய செல்கள் தயாரானதும் பியூசல்ஃபான் என்ற கடுமையான கீமோதெரபியால் மஜ்ஜையில் இருக்கும் பழைய செல்களை அழித்து இடம் ஒதுக்குகிறார்கள். அப்புறம்தான் புதியவை ஏறும். ரத்த அணுக்கள் மீண்டும் வரும்வரை மருத்துவமனையில் வாரக்கணக்கில் தனிமை, தொற்றுப் பயம், வாய்ப்புண். பிள்ளைப் பேற்றுத் திறன் போகக்கூடும் என்பதை இளம் வயதினரிடம் முன்கூட்டியே பேசியாக வேண்டும்.

பலன் பெரிது. போதிய காலம் பின்தொடரப்பட்ட 30 பேரில் 29 பேருக்குக் குறைந்தது 12 மாதங்கள் தொடர்ந்து கடும் வலித் தாக்குதல் எதுவும் வரவில்லை. அவர்களுடைய ஹீமோகுளோபினில் 40 சதவீத அளவுக்குக் கரு ஹீமோகுளோபின் இருந்தது. பீட்டா மரபணுவின் பிழை அப்படியேதான் இருக்கிறது. அதை யாரும் தொடவே இல்லை.

அமெரிக்காவில் இதன் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். இந்த நோயோடு உலகில் ஆண்டுதோறும் 5 லட்சம் குழந்தைகளுக்கு மேல் பிறக்கிறார்கள், நான்கில் மூன்று பங்குக்கு மேல் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். மூலச்செல் மாற்று வசதியுள்ள மருத்துவமனைகள் அங்கே மிகக் குறைவு. அங்கோலா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஹைட்ராக்சியூரியா கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2019-ல் வந்தது. வலித் தாக்குதல்களும் மலேரியாவும் பாதியாகக் குறைந்தன, இறப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மரபணுத் திருத்தத்துக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட இந்த முடிவுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

தாமதத்தை வேறு வழியில் நீட்டும் முயற்சி ஒன்று தோற்றும் இருக்கிறது. வாக்ஸலோட்டர் என்ற மாத்திரை ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எளிதில் விடாமல் பார்த்துக்கொண்டது. ஆக்சிஜன் இறங்காவிட்டால் குழி திறக்காது, நார் உருவாகாது என்பது கணக்கு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் உயர்ந்தது. அதை வைத்து 2019-ல் அமெரிக்காவில் விரைவு அனுமதியும் கிடைத்தது. ஆனால் வலித் தாக்குதல்களும் இறப்புகளும் பற்றிய தரவுகள் கவலை தந்ததால் 2024 செப்டம்பரில் நிறுவனமே உலகெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆக்சிஜனை விடாத ஹீமோகுளோபின் திசுவுக்கு எவ்வளவு பயன்படும் என்ற சந்தேகத்தைச் சில ஆய்வாளர்கள் முன்பே எழுப்பியிருந்தார்கள்.

இப்போது பல ஆய்வுக்கூடங்கள் தேடுவது, பி.சி.எல்.11ஏ செய்யும் வேலையை மாத்திரையாலேயே தடுக்கும் வழியை. காமாவை அடக்குவதில் விஸ் என்ற இன்னொரு புரதத்துக்கும் பங்கு உண்டு. செல்லின் குப்பை அகற்றும் அமைப்பிடம் அந்தப் புரதத்தைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு சிறு மூலக்கூறைப் பற்றி 2024-ல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. எலிகளிடமும் குரங்குகளிடமும் அது கரு ஹீமோகுளோபினைக் கூட்டியது. கீமோதெரபியும் மூலச்செல் எடுப்பதும் இல்லாமல் வாயால் சாப்பிடுகிற மருந்தாக அது மனிதர்களிடம் பலிக்குமா, எத்தனை சதவீதம் கூட்டும், பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் பாதுகாப்பானதா என்பதை மனிதர்களிடம் நடக்கும் சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.